பிரபா அக்கா வேன் எங்கே?

காலையில் மஞ்சள் வேன் கோவளத்தை விட்டுக் கிளம்பியதும் துர்காதேவியின் வேலை தொடங்கிவிடும். அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அந்த வேனை ஓட்டுபவர் அவளுடைய அம்மா பிரபா. வண்டி ஓட்டும்போது அம்மா போனைத் தொடமாட்டார். அதனால் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் துர்காதான் வழியில் காத்திருக்கும் பெற்றோர்களிடம் பேச வேண்டும்.

“துர்கா, எங்க வந்துகினு கீறீங்க?”

“திருவிடந்தை கோயிலாண்ட, அத்தை.”

போனை வைத்தவுடன் இன்னொரு அழைப்பு.

“பாப்பா, இன்னா வேன இன்னும் காணோம்?”

“வந்துட்டோம் மாமா. முன்னாடி ஒரு டூரிஸ்ட் பஸ்சு. நகரவே மாட்டுது.”

மாமல்லபுரத்தில் இருக்கும் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

ஒருநாள், அவர்களின் பக்கத்துத் தெருவில் நின்ற மீன் வண்டியை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மா ஜன்னல் வழியாக வேனை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேன் போனால் அம்மாவின் தொழிலே போய்விடும்.

“அலாரம் வெச்சிடு பிரபா,” என்றார் அப்பா கோபாலகிருஷ்ணன். “எவனாவது தொட்டா போதும், ஊரையே கூட்டிடும்.”

அப்பா சிறுசேரியில் கம்பெனி கார் ஓட்டுகிறார். இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில்தான் தூங்குவார்.

கேளம்பாக்கத்தில் கார் சாமான் கடை வைத்திருக்கும் பூபாலன், வேனில் ஓர் அலாரத்தை மாட்டிக் கொடுத்தார். “ஒரு வாரம் வெச்சிப் பாரும்மா. சரிப்படலன்னா எடுத்துனு வா, வேற மாத்தித் தர்றேன்,” என்றார்.

பகலில் வீட்டு வாசலில் வேன் நிற்கும்போதும் அலாரம் மிகவும் பொறுப்பாக வேலை செய்தது. வேன் மீது பூனை குதித்தது. அலாரம் வீல் வீல் என்று கத்தியது. தென்னை மட்டை விழுந்தது. கத்தியது. கடல் காற்று கொஞ்சம் பலமாக வீசியது. அதற்கும் கத்தியது.

ஒவ்வொரு முறையும் அப்பா கையில் தலையணையோடு வாசலுக்கு ஓடி வந்தார். “எவன்டா அவன்?” என்று கேட்டார். பூனை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

வேனில் வரும் பிள்ளைகள் அதைவிட மோசம். மேலே சாய்ந்தால் வண்டி அழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பள்ளி வாசலில் வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் அப்பாவின் கண்கள் சிவந்து போயின. “பிரபா, திருடனே வந்து வண்டிய எடுத்துனு போனாலும் பரவால்ல. எனக்குத் தூக்கம் வேணும்,” என்றார்.

அம்மா சிரித்துவிட்டு பூபாலனுக்குப் போன் செய்தார்.

“அப்ப இம்மொபிலைசர் போட்டுக்கோம்மா,” என்றார் அவர். “இன்ஜின் லாக்குன்னு சொல்லுவாங்க. சத்தமே வராது. உன் சாவி இல்லாம எவனாலயும் ஸ்டார்ட் பண்ண முடியாது. சனிக்கிழமை வா, மாட்டித் தர்றேன்.”

சரி என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை மாலை மாமல்லபுரத்தில் ஒரே கூட்டம். சுற்றுலா வந்த கார்களுக்கு நடுவே வேன் ஆமைபோல் ஊர்ந்தது. போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. துர்காவும் விடாமல் பதில் சொன்னாள். கடைசியில் போனில் சார்ஜ் தீர்ந்து, திரை கறுத்துப் போனது.

பட்டிபுலம் தாண்டியதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். வேன் ஒரு பக்கமாக இழுத்தது. அம்மா மெல்ல ஓரம் கட்டினார். பின்சக்கரம் பஞ்சர்.

“எல்லாரும் எறங்கி அந்தச் சவுக்குத் தோப்பாண்ட நில்லுங்க. யாரும் ரோட்டுக்கு வரக் கூடாது. துர்கா, பாத்துக்கோ.”

துர்கா பிள்ளைகளை நிழலில் உட்கார வைத்தாள். ஒருவர் ஒரு மிருகம்போல் நடிக்க வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். யூ.கே.ஜி. படிக்கும் ஜெனிஃபர் எழுந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“மரமா?”

“இல்ல.”

“மீனா?”

“இல்ல. தூங்குற யான!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பக்கம் அம்மா வியர்க்க வியர்க்க ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். நட்டு இறுகிப்போய்த் திரும்பவே இல்லை. யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம் என்றால், பெற்றோர்களின் எண்கள் எல்லாம் அணைந்துபோன அந்தப் போனுக்குள்தான் இருந்தன.

ஒருவழியாக நட்டைக் கழற்றி வேறு சக்கரம் மாட்டி முடிக்கும் நேரத்தில் ஒரு பைக் வேகமாக வந்து நின்றது. வந்தவர் ஜெனிஃபரின் அப்பா ஜெரோம். வடநெம்மேலியில் மகளுக்காகக் காத்திருந்தவர், பொறுக்க முடியாமல் தேடிக்கொண்டே வந்திருந்தார்.

அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் தொங்கியது.

“அப்பா, டயர் செத்துப்போச்சு!” என்று ஜெனிஃபர் ஓடினாள்.

ஜெரோம் அவளைத் தூக்கி, அவளுடைய தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அம்மா கரிக் கையோடு எழுந்து வந்தார்.

“மன்னிச்சிக்கோப்பா. போனு ஆஃப் ஆயிடுச்சு.”

“உங்கள ஒண்ணும் சொல்லலக்கா,” என்றார் ஜெரோம். “போனு போவலியா, எனக்கு இன்னா இன்னாவோ நெனப்பு வந்துச்சு. அவ்ளோதான்.”

அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட துர்காவுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. வழியில் ஒவ்வோர் இடத்திலும் அப்படித்தான். ரோட்டையே பார்த்தபடி ஓர் அம்மாவோ அப்பாவோ நின்றார்கள். வேனைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்கள்.

மறுநாள் பூபாலன் கடையில் இன்ஜின் லாக் பெட்டி தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் இன்னொரு கறுப்புப் பெட்டி கிடந்தது.

“இது இன்னாண்ணா?” என்று துர்கா கேட்டாள்.

“ஜிபிஎஸ் டிராக்கர் பாப்பா. வண்டி எங்க போனாலும் போன்ல ஒரு புள்ளியா காட்டும். யாராச்சும் வண்டிய ஸ்டார்ட் பண்ணா, உங்க அம்மா போனுக்கு உடனே மெசேஜ் வரும்.”

“அந்தப் புள்ளிய அம்மா மட்டும்தான் பாக்க முடியுமா?”

“நீங்க லிங்க் அனுப்பினா யார் வேணா பாக்கலாம்.”

துர்காவின் கண்கள் விரிந்தன. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, இதே வாங்கலாம். எல்லா வூட்டுக்கும் லிங்க் அனுப்பிடலாம். ஜெனிஃபர் அப்பா நேத்து மாதிரி ஓடி வர வேணாம். நம்ம போன் ஆஃப் ஆனாலும் வேன் எங்க கீதுன்னு பாத்துக்குவாரு.”

அம்மா அந்தப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல யோசனதான்டி. ஆனா ஞாயித்துக்கிழமை நான் எங்க போறேன், எப்ப வர்றேன்னு அல்லாரும் பாத்துகினு இருப்பாங்களே. எனக்குன்னு ஒரு எடத்துக்குப் போக வேணாமா?”

அது நியாயம்தான். துர்கா யோசித்தாள். கடைக்கு வெளியே நின்ற வேனைப் பார்த்தாள். பிறகு பூபாலனிடம் திரும்பினாள்.

“அண்ணா, அந்த லிங்க்கத் திறந்து மூட முடியுமா? கதவு மாதிரி?”

“முடியுமே! ஆப்புல ஒரு பட்டன் கீது.”

“அப்போ காலையில மொத புள்ள ஏறும்போது திறப்போம்மா. எல்லாரையும் ஸ்கூல்ல வுட்டதும் மூடிடுவோம். சாயந்தரம் திரும்பத் திறந்துட்டு, கடைசிப் புள்ள எறங்கினதும் மூடிடுவோம். மத்த நேரத்துல நீ மட்டும் பாரு.”

பூபாலன் இன்ஜின் லாக் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தார். “இந்த யோசனய நான் கேட்கிறவங்களுக்கு எல்லாம் சொல்லலாம் போல கீதே,” என்றார்.

அம்மா அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கத்தாது இல்ல?”

“கத்தாது.”

“அப்ப வாங்கிடு!”

திங்கட்கிழமை காலை துர்கா எல்லா வீட்டுக்கும் லிங்க் அனுப்பினாள். வேன் கிளம்பியது. திருவிடந்தை வந்தது. போன் அடிக்கவில்லை. துர்கா இரண்டு முறை போனை எடுத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். மரங்களுக்கு இடையே நீலமாகக் கடல் தெரிந்தது. தினமும் வந்த வழிதான். இப்போதுதான் அதை நிம்மதியாகப் பார்த்தாள்.

வடநெம்மேலியில் வேன் நிற்கும் நேரத்துக்குச் சரியாக ஜெரோம் மகளைக் கூட்டி வந்தார். “வேன் வர்ற நேரம் தெரிஞ்சதால இன்னிக்குத்தான் இட்லிய முழுசா சாப்ட்டா,” என்று சிரித்தார்.

ஆனால் ஜெனிஃபர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஏறினாள்.

“துர்காக்கா, நான் உன்கூடப் பேச மாட்டேன்.”

“ஏன்டி, நான் இன்னா பண்ணேன்?”

“அப்பா போன்ல நீ புள்ளியா வந்துகினே இருந்த. நான் எவ்ளோ நேரம் டாட்டா காட்டினேன்! நீ திருப்பிக் காட்டவே இல்ல.”

மறுநாள் வேன் திருவிடந்தையைத் தாண்டியதும் துர்கா, ஆள் யாரும் இல்லாத நீண்ட சாலையைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

“யாருக்குடி டாட்டா?” என்று அம்மா கேட்டார்.

“ஜெனிஃபர் இந்நேரம் பாத்துகினு இருப்பாம்மா.”

அம்மா சிரித்துக்கொண்டே, தன் பங்குக்கு ஒரு முறை ஹார்ன் அடித்தார்.