வீடு உங்களுடையது, மண் எங்களுடையது

நகராட்சி அலுவலகத்துக்குள் வந்த ஜானின் திரெல்ஃபால் என்ற பெண் உட்காரக்கூட இல்லை.

"என் வீட்ட விக்க முடியல. வாங்க வந்தவங்க நேத்து ஓடிட்டாங்க. வீடுதான் என்னுதாம், மண்ணு அதக் கட்டி வித்த கம்பெனிக்காரனுதாம்! மண்ணுக்கு வாடகையாம், அது ஏறிக்கிட்டே போகுமாம். பக்கவாதம் வந்த புருஷன வச்சுக்கிட்டு மாடிப்படி ஏற முடியல. இத வித்தாத்தான் வேற வீடு."

முறைகேடான விற்பனைகளை விசாரிக்கும் ஹிலரி ஆர்மராட் நிதானமாகக் கேட்டார். "வாங்கறப்ப யாரும் சொல்லலியா?"

"விளம்பரத்துல 'உங்கள் சொந்த வீடு'ன்னுதான் இருந்துச்சு. வக்கீலக்கூட அவங்களே காட்டினாங்க. எங்க குடும்பத்துல யாரு இதுக்கு முன்னாடி வீடு வாங்கினா, என்ன கேக்கணும்னு தெரிய?"

உதவி அதிகாரி டெஸ் ரிக்பி அதற்குள் கிளம்பத் தயாராகக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மறைத்து விற்றது நிரூபணமானால் மண்ணை எழுதிக்கொடுக்கச் சொல்லிக் கம்பெனியை நெருக்கலாம். "வாயால் சொல்லிவிட்டோம்" என்று அவர்கள் சாதித்தால் ஒன்றும் நடக்காது. கோட்டுப் போட்டவன் வார்த்தைக்குத்தானே மதிப்பு.

கம்பெனியின் மாதிரி வீடு பளபளத்தது. மேஜையில் இருந்த எலுமிச்சை பிளாஸ்டிக். கழிப்பறை தேடி மாடிக்குப் போன டெஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினாள். "மூடி மேல டேப்ப ஒட்டி வச்சிருக்காங்க. வெளியில கொட்டகைக்குப் போகணும்னு இங்க வீடு காட்டுற பொண்ணு சொல்லுது."

"கொஞ்சம் பொறுத்துக்க, கண்ணு," என்று சிரித்தார் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த விற்பனைத் தலைவர் நைஜல் பாம்ஃப்ரெட்.

"கண்ணு இல்ல, அதிகாரி," என்றாள் டெஸ்.

நைஜல், கூட வந்திருந்த ஜானினைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க வீடு வாங்கின அன்னைக்கு நானேதான இங்க இருந்தேன்? குத்தகை பத்தி எல்லாம் சொன்னேனே!"

"கை குலுக்கினீங்க. அவ்வளவுதான்."

"மறந்துட்டாங்க, பாவம். இந்த அடுப்படியில உக்கார வச்சுச் சொன்னேன்."

"டீ குடுத்தீங்களா?" என்றார் ஹிலரி.

"பின்ன? இவ்வளவு பெரிய விஷயத்த டீ இல்லாமலா சொல்வாங்க? இதோ இந்தக் குழாய்லதான் கெட்டில்ல தண்ணி புடிச்சேன். கொதிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் விளக்கிட்டேன்."

"டெஸ், அந்தக் குழாயத் தெற."

திறந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. ஹிலரி குனிந்து தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தார். குழாய் பாதியில் தொங்கியது.

"மாதிரி வீட்டுக்குத் தண்ணி இணைப்பே குடுக்கல. கழிப்பறைய ஒட்டி வச்சதும் அதனாலதான். தெனமும் இங்க நிக்கிற பொண்ணுக்கு இது தெரியும். உங்களுக்குத் தெரியல."

"அன்னைக்கு இருந்திருக்கும், அப்புறம் கழட்டி..."

"குழாய் முனையில தொழிற்சாலையில போட்ட மூடி இன்னும் அப்படியே இருக்கு. நம்ம ஊருல கெட்ட சேதிய டீயோடதான் சொல்லுவோம். பொய்ய யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு நீங்களும் ஒரு கப் ஊத்திட்டீங்க."

நைஜல் அவசரமாகத் தொட்டியின் கீழ்க்கதவைச் சாத்தினார். வாசலில் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஓர் இளம் ஜோடி வந்து நின்றது. ஜானின் அவர்களிடம் போனாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி, மண்ணு யாருதுன்னு கேளுங்க."

நைஜல் பின்னாலேயே ஓடி வந்தார். "மேடம், மேடம்! உள்ள வாங்க, மண்ண உங்க பேருக்கு எழுதறதப் பத்திப் பேசலாம்!"

ஜானின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவங்களுக்கும் சேத்துப் பேசு."