மூன்று தட்டு

கணினி அணைந்த பிறகும் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

மின்சாரம் போயிருந்தது. மின்விசிறி தன் கடைசிச் சுற்றுகளை மனமில்லாமல் சுற்றி நின்றது, சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒரு முறை உடம்பை உலுக்கி அடங்கியது, கீழே தெருவில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மழைக்கு ஒதுங்கினார்கள், ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் சொட்டியது. இத்தனைக்கும் அடியில், ஈரத் துணியைத் தரையில் மெல்ல இழுப்பதுபோல உள்ளே போய் வெளியே வரும் ஒரு சத்தம். அவர்கள் ஆடும் கணினி விளையாட்டில் ராட்சதப் பல்லியின் குகைக்குள் கேட்கும் சத்தம். அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"போச்சா?" என்றாள் தங்கை, அடுத்த அறையிலிருந்து. "பல்லி சாகப்போற நேரம் பார்த்துதான் கரண்டு போகும். நம்ம ராசி அப்படி."

அக்கா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் கை தெரியவில்லை. விரல் முட்டிகள் மட்டும் லேசாக எரிந்தன.

நடந்தது இவ்வளவுதான். அந்த விளையாட்டில் அவள் டேங்க். கூட்டத்தின் முன்னால் கேடயத்தோடு நிற்பவள். மிருகத்தைக் கொல்வது அவள் வேலை இல்லை. அது மற்றவர்கள் பக்கம் திரும்பாமல் தன்னையே பார்த்து, தன்னையே அடித்துக்கொண்டிருக்கும்படி செய்வதுதான் வேலை. அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கேடயம் மூன்று முறை தட்டப்படும். மிருகம் யாரைக் கடித்துக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு அவளிடம் வரும். தங்கை ஹீலர். பின்னால் நின்று, அக்கா வாங்கும் காயங்களை ஆற்றிக்கொண்டே இருப்பவள். வில் பிடிக்க ஒரு கல்லூரிப் பையன், எதற்கும் ஆடி அசைந்து வருவதால் அவனுக்குத் தாத்தா என்று பெயர். அக்காவுக்குக் கோட்டை என்று பெயர் வைத்தது அவன்தான்.

பொத்தானை அழுத்தும்போதெல்லாம் வலது கை முட்டியால் மேசையைத் தட்டுவது அக்காவின் பழக்கம். தங்கை அதைக் கேலி செய்வாள். இன்று பல்லி திடீரென்று தங்கை பக்கம் கழுத்தைத் திருப்பியது. அக்கா பொத்தானைத் தேடினாள். திரை கறுத்தது. ஆனால் கை நிற்கவில்லை.

டக். டக். டக்.

திரைக்குள் அல்ல. இங்கே, இந்த மேசையில்.

மின்சாரம் வந்தது. அறை வாசலுக்கு வெளியே நடை, அதன் கோடியில் குளியலறைக் கதவு, கதவுக்கு மேலே சுவரும் கூரையும் சேரும் மூலை. அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் நீளம். தேங்கிய தொட்டித் தண்ணீரும் துருவும் கலந்த நாற்றம். கண் இருக்கவேண்டிய இடத்தில் நகம்போல வழுவழுப்பான தோல். விளையாட்டில் அதன் உடம்பில் ஓர் ஒளிவிளிம்பு இருக்கும். இங்கே அது இல்லை. மற்றபடி அதே பல்லிதான்.

தங்கை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் அறையிலிருந்து வந்தாள். ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டே நேராக அதன் அடியில் போனாள். கழுத்து, அவசரமே இல்லாமல், அவள் உச்சந்தலையை நோக்கி இறங்கியது.

"நில்லுடி" என்று அக்கா கத்தினாள். தங்கை நின்றாள். அது நிற்கவில்லை.

அக்கா கதவு நிலையைத் தட்டினாள். மூன்று முறை.

கழுத்து திரும்பியது.

*

முதல் அடி விழுந்த இடம் வலது முன்கை. சத்தமே இல்லை. கதவு இடுக்கில் கை நசுங்கியதுபோல ஒரு வலி, பிறகு தோலுக்கு அடியில் மெல்லப் பரவும் கருநீலம்.

"எதுல இடிச்சுக்கிட்ட?" என்று தங்கை தைலம் எடுத்து வந்தாள். "கொடு. ஒரு பல் டாக்டர்கிட்ட எடுபிடியா இருக்கேன், இதுகூடவா தெரியாது எனக்கு? ஐயோ, இவ்வளவு வீங்கியிருக்கு. கோட்டைச் சுவர் இடிஞ்சு விழுந்திருச்சா?"

"மேல பாரு."

தங்கை மேலே பார்த்தாள். "என்ன? ஒட்டடையா? ஞாயித்துக்கிழமை அடிக்கறேன்."

அவள் விரல்கள் மெதுவாகத் தேய்த்தன. வலி ஒரு சுற்று இறங்கியது. அப்போது அக்கா கவனித்தாள். தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணில்லாத முகம் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. தங்கை பக்கம்.

மறுநாள் மாலை தாத்தாவைப் போனில் தனியாக அழைத்துக் கேட்டாள்.

"டேங்க் பாதியில போயிட்டா மிருகம் அடுத்து யார்கிட்ட போகும்?"

"என்னக்கா, என்னைச் சோதிக்கறீங்களா? ஹீலர்கிட்ட."

"அதை அதிகமா அடிச்சவங்ககிட்ட இல்லையா?"

"அடிச்சவனை அது மன்னிச்சிரும்க்கா. மருந்து போடறவங்களைத்தான் மன்னிக்காது. நீங்க இன்னும் சாகாம நிக்கறதுக்குக் காரணமே அவங்கதானே. ஒவ்வொரு தடவை உங்களுக்கு ஆத்திவிடும்போதும் அவங்க மேல அதுக்கு வெறி ஏறும். உங்க மேல இருக்கறதைவிட அது அதிகமாச்சுன்னா, முடிஞ்சுது. உங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது." அவன் சிரித்தான். "உங்க தங்கச்சி அதுக்குத்தானே உங்க முதுகுக்குப் பின்னாடியே ஒளியறா."

அக்கா போனை வைத்தாள். நடையின் கூரையில் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

அவள் சாகக் கூடாது. செத்தால் அது அடுத்த ஆளிடம் போகும். அவளுக்கு ஆறவும் கூடாது. தங்கை கையால் ஆறவே கூடாது.

*

அது அவளோடு வேலைக்கும் வந்தது. கூரியர் அலுவலகத்தின் பின்கூடத்தில், அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கிய இரும்புத் தட்டுகளுக்கு நடுவே, டியூப்லைட்டின் ரீங்காரத்துக்கும் பேக்கிங் டேப்பைக் கிழிக்கும் சத்தத்துக்கும் இடையில், அந்த ஈரத் துணி இழுபடுவது அவளுக்கு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் தட்டாமல் இருந்தால் அதன் முகம் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பும். ஜன்னல் பக்கம் வீடு. உடனே மேசையைத் தட்டுவாள். அடி விழும். உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த பெட்டியை எடுப்பாள்.

"கை என்னம்மா இப்படி இருக்கு?" என்று சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வீட்ல யாராவது அடிக்கறாங்களா?"

"இல்ல சார். விழுந்துட்டேன்."

"தினமுமா விழுவீங்க?"

வலது கை மடங்காமல் போனது. இடது கையால் தட்டினாள். அதுவும் கறுக்கத் தொடங்கியது. காலால் உதைத்துப் பார்த்தாள். அதற்கு அது அசையவில்லை. பாத்திரத்தைக் கரண்டியால் தட்டிப் பார்த்தாள். கத்திப் பார்த்தாள். எதற்கும் மதிப்பில்லை. எலும்பு மோதும் சத்தம்தான் அதற்கு வேண்டியிருந்தது. ஒரு நாள் கால் தடுமாறி நெற்றி சுவரில் மோதியபோது மட்டும் அது ஆவலோடு கழுத்தை நீட்டியது.

வீட்டில் தங்கை விடவில்லை. தைலத்தோடு வருவாள், ஒத்தடத் துணியோடு வருவாள், டாக்டரிடம் போகலாம் என்பாள். அக்கா கதவைத் தாழிட்டுக்கொண்டாள். தங்கை கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசினாள்.

"என்னன்னு சொல்லேன். நான் என்ன பண்ணினேன்?"

அக்கா சொன்னாள். முழுவதையும் சொன்னாள். வெளியே தைலப் புட்டியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு தங்கை, குழந்தையிடம் பேசும் குரலில், "சரிக்கா, விளையாட்டைக் கொஞ்ச நாள் நிறுத்திரலாம்" என்றாள். "நீ தூங்கி எத்தனை நாளாச்சு? கதவைத் திற. நான் பக்கத்துல படுத்துக்கறேன்."

கூரையில் முகம் இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தது.

அப்போதுதான் அக்காவுக்கு வழி தெரிந்தது. மருந்து போடுகிறவளைத் துரத்திவிட வேண்டும். அவள் திரும்பி வரவே நினைக்காதபடி துரத்த வேண்டும்.

கதவைத் திறந்தாள்.

"உன் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"எங்க?"

"எங்கயாவது. உன் சிநேகிதி வீட்டுக்குப் போ. உன்னைப் பார்த்தாலே எனக்கு எரியுது."

"காய்ச்சல்ல பேசற."

"காய்ச்சல் இல்ல. அம்மா போனதுக்கு அப்புறம் உன்னைப் பாசத்துலயா வளர்த்தேன்னு நினைச்ச? தெருவுல விட்டா ஊர் பேசும்னு வளர்த்தேன். என்னைப் பார்க்க வந்தவங்க எல்லாம் உன்னைப் பார்த்துட்டுத் திரும்பிப் போனாங்க. பெரியவளைக் கட்டினா சின்னவளையும் சேர்த்துச் சுமக்கணுமேன்னு போனாங்க. அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு என் ரத்தத்தைக் குடிச்ச. போதும்."

ஒவ்வொரு சொல்லும் போய் விழுவதைப் பார்த்தாள். எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். வளர்த்தவள் அவள்தான்.

தங்கை அழவில்லை. "தெரிஞ்சுதான் பேசறியா?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெரிஞ்சு."

பையின் ஜிப் சத்தம். செருப்புச் சத்தம். படிகளில் இறங்கும் சத்தம். தெருக்கதவு.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். சுவரைத் தட்டினாள். முகம் முழுவதுமாக அவள் பக்கம் திரும்பியது. அடி விழுந்தது. பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

*

எத்தனை நாள் அப்படிப் போனது என்று தெரியவில்லை. வேலைக்குப் போகவில்லை. குழாய்த் தண்ணீர், ரொட்டி, சுவர். தட்டுவாள். வாங்குவாள். தட்டுவாள். காய்ச்சல் உண்மையாகவே வந்தது. ஜன்னலில் வெளிச்சம் வந்து போயிற்று. அது கூரையிலிருந்து இறங்கிக் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு வந்துவிட்டிருந்தது. அதன் மூச்சு அவள் முகத்தில் ஈரமாகப் படிந்தது. அவள் அதனிடம் பேசத் தொடங்கியிருந்தாள். "இங்க பாரு. என்னைப் பாரு. வேற யாரும் இல்ல."

ஒரு கட்டத்தில் கை உயரவில்லை. கண் மூடியது. கொஞ்ச நேரம் மட்டும், என்று நினைத்துக்கொண்டாள்.

விழித்தபோது வலி இல்லை.

அதுதான் முதலில் உறைத்தது. உடம்பு லேசாக இருந்தது. வாயில் மாத்திரையின் கசப்பு. நெற்றியில் ஈரத்துணி. மருந்து வாசனை. மாலை வெயில் படுக்கையில் விழுந்திருந்தது. அறை பெருக்கப்பட்டிருந்தது. கட்டிலின் ஓரத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் தங்கை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாலும் சிரித்தாள். "என்கிட்ட ஒரு சாவி இருக்கறதை மறந்துட்டுத் துரத்தியிருக்க. நேத்துலேர்ந்து இங்கதான் இருக்கேன். டாக்டரையும் வரவழைச்சேன். மணிக்கொரு தடவை மருந்து போட்டேன். நீ முழிக்கவே இல்ல."

மணிக்கொரு தடவை.

அக்கா தலையைத் திருப்பினாள்.

தலைமாட்டுச் சுவரில் அது இல்லை. எதிர்ச் சுவரில், தங்கையின் முதுகுக்குப் பின்னால், தலைகீழாக. முகம் அக்கா மேல் இல்லை. ஒரு விரற்கடைகூட இல்லை.

"போடி. வெளிய போ. ஓடு."

"மறுபடி ஆரம்பிக்காத. இந்தத் தடவை நான் போறதா இல்ல."

வலது கையைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். சத்தம் வரவில்லை. பார்த்தாள். முட்டியே தெரியாமல் பஞ்சு வைத்து, வெள்ளைத் துணியால் கனமாகச் சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. இடது கையும் அப்படியே. இரண்டு வெள்ளைப் பந்துகள். மறுபடியும் அடித்தாள். பொத். பொத். பல்லால் முடிச்சைக் கடித்தாள்.

"அக்கா, பிரிச்சுராத. எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டியிருக்கேன்."

கழுத்து நீண்டது.

தலை. தலை இருந்தது. அக்கா உந்தி எழுந்து பின்மண்டையைச் சுவரில் மோதினாள். டக். வழுவழுத்த முகம் தயங்கியது. லேசாக அவள் பக்கம் அசைந்தது. இன்னொன்று. டக். அது திரும்பத் தொடங்கியது. இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

"மோதிக்காதக்கா" என்றாள் தங்கை. குரல் உடைந்தது. முன்னால் சாய்ந்து, ஒரு கையால் அக்காவை அணைத்துக்கொண்டு, மறு கையால் தலையணையை எடுத்து அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தாள். அழுத்திப் பிடித்தாள்.

மூன்றாவது மோதல் தலையணைக்குள் புதைந்தது.

"அவ்வளவுதான். நான் இருக்கேன். நான் பார்த்துக்கறேன்."

அக்கா அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை வெயிலில் தங்கையின் உச்சியிலிருந்து ஒரு கற்றை முடி எழுந்தது. நேராக, மேல் நோக்கி. ஏதோ ஒன்று மூச்சை உள்ளே இழுத்ததுபோல. பிறகு இன்னொரு கற்றை. தங்கை அணைத்திருந்த கையை எடுத்து அதைக் கோதிவிட்டுக்கொண்டு, அக்காவின் காதோரம் அந்தப் பழைய மெட்டை முனகத் தொடங்கினாள்.

பொத். பொத். பொத்.