ஆடிப்போன தண்டு

காலை 7.05.

வெடிச் சத்தத்தில் பட்டறையின் தகரக் கூரை ஒருமுறை குலுங்கி அடங்கியது. மெக்கானிக்கின் கையிலிருந்த திருப்புளி நழுவிக் காலடியில் விழுந்தது. அதை எடுக்க அவன் குனியவில்லை. ஓடினான்.

சண்டை ஓய்ந்து பத்து வருடமாகியும் அந்த வெளியின் மண்ணுக்குள் கண்ணிவெடிகள் கிடந்தன. மெட்டல் டிடெக்டரால் துழாவி, ஒவ்வொன்றாகத் தோண்டியெடுப்பதுதான் அங்கே நாற்பது பேருக்குச் சோறு போட்ட வேலை. துழாவி முடித்த பாதையின் இருபுறமும் வெள்ளைக் கட்டைகள் நட்டிருப்பார்கள். கட்டைகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்பது கணக்கு.

அந்தக் கட்டைகளுக்கு நடுவேதான் மெக்கானிக்கின் அக்காள் கணவர் கிடந்தார். ஆறடி மூன்றங்குலம், எல்லாருக்கும் அவர் நெட்டை. இப்போது வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. மிச்சம் ஒரு பூட்ஸாகப் புதர் மேல் தொங்கியது.

"அத்தான், என்னைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க." மெக்கானிக் தன் பெல்ட்டை உருவித் தொடையில் இறுக்கினான். ரத்தம் நிற்கவில்லை. நெட்டை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும் அந்தப் பிடி விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், 7.31க்கு, தானாக விட்டது.

அதற்குள் செய்தி வயர்லெஸில் முந்திக்கொண்டு வந்திருந்தது. டிடெக்டரின் தண்டு ஆட்டம் கண்டிருந்ததாம். மெக்கானிக் சரி செய்யாமல் டேப்பைச் சுற்றிக் கொடுத்துவிட்டானாம்.

அக்காள் வந்தாள். வெள்ளைத் துணியை விலக்கிப் பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தில் ஓங்கி அறைந்தாள்.

"ஒரு ராடை டைட் பண்ணக்கூட உனக்குக் கை வரலையாடா? என் புருஷன்டா அவரு!"

அவன் பட்டறைக்குத் திரும்பியபோது வாசலில் சக தொழிலாளிகள் காத்திருந்தார்கள். ஹெல்மெட்டால் அடித்தார்கள். கீழே விழுந்தவனை மிதித்தார்கள். இரண்டு பற்கள் மண்ணில் விழுந்த பிறகுதான் போலீஸ் ஜீப்பின் ஹாரன் கேட்டது.

காலை 8.40.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினாள். நாற்பத்தெட்டு வயது, குள்ளம், குரல் மட்டும் உயரம். "அடிச்சது போதும். இனி ஒருத்தன் கையை ஓங்கினாலும் அந்தக் கையோட ஸ்டேஷனுக்கு வரணும்," என்றாள். கூட்டம் விலகியது. மெக்கானிக்குக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு மேற்பார்வையாளரின் அறைக்குள் போனாள்.

மேற்பார்வையாளர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். மடிப்புக் கலையாத சட்டை. மேசையில் காகிதங்கள் வரிசையாக இருந்தன. பேனா ஸ்டாண்டில் பென்சில்களுக்கு நடுவே ஓர் அரமும் நின்றது.

"என்ன நடந்தது?"

"ராடு ஆட்டம், மேடம். டிடெக்டர் ராடு ரெண்டு குழாய். ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகியிருக்கும். அந்த மூட்டு தேஞ்சா அடியில இருக்கிற தட்டு சாஞ்சிரும். சாஞ்சா ஆழத்துல இருக்கிற கண்ணி கேக்காது. நேத்து நெட்டை துழாவினப்ப ஒண்ணு விட்டுப்போயிருக்கு. இன்னைக்கு அதையே மிதிச்சிட்டான்."

"டிடெக்டர் எங்கே?"

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். "பதினஞ்சு அடி தள்ளிக் கெடந்துச்சு. ஆம்புலன்ஸ் போனதும் நானே எடுத்து வந்து பூட்டிட்டேன்."

"வேற யார் தொட்டாங்க?"

"யாரும் தொடல. நான்கூடத் தொடைக்கல. இருந்தது இருந்தபடியே வெச்சேன்."

இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் தூக்கினாள். தண்டு முழுக்கச் செம்மண்ணும் காய்ந்த ரத்தப் புள்ளிகளும். குழாய்கள் சேரும் மூட்டில் மட்டும் கறுப்பு டேப்பு, பளபளவென்று. லேசாக அசைத்தாள். அடித்தட்டு 'வேண்டாம், வேண்டாம்' என்பதுபோல் தலையாட்டியது.

"எடுத்துக்கிட்டுப் போறேன்," என்றாள்.

காலை 9.30.

பட்டறை பெஞ்சில் மெக்கானிக் வீங்கிய உதடுகளோடு உட்கார்ந்திருந்தான்.

"நீதான் டேப்பு சுத்தினியா?"

"இல்ல மேடம்."

"பின்னே?"

"ஆட்டம் வந்தா வெளியில டேப்பு சுத்துறது ஊரை ஏமாத்துற வேலை. வெயில்ல பசை இளகிரும். மண்ணு ஒட்டும். மண்ணு உள்ளே போனா இன்னும் சீக்கிரம் தேயும்." பேசப்பேச அவன் குரல் திடமானது. வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் வலி மறந்துபோனது. "நான் மூட்டைக் கழட்டுவேன். மணலைத் தொடைப்பேன். தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்கை வளையமா வெட்டி உள்குழாய்ல மாட்டுவேன். அப்புறம் பூட்டுற பொத்தானைப் புதுசா மாத்துவேன். அத்தான் ராடுக்கு மூணு நாளைக்கு முன்னாடிதான் இதையெல்லாம் செஞ்சேன். கல்லு மாதிரி நின்னுச்சு."

இன்ஸ்பெக்டர் அவன் கண் முன்னாலேயே டேப்பை உரித்தாள். கடைசிச் சுற்று வந்தபோது பசையோடு பழுப்பாக ஏதோ பெயர்ந்து வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டேப்பைக் காகித உறைக்குள் போட்டாள்.

அடியில் பொத்தான் மாட்டும் துளை தெரிந்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை நீண்டு போயிருந்தது. பொத்தான் அதற்குள் அங்குமிங்கும் ஓடியது.

"வளையம் எங்கே?"

அவன் குழாயைக் கவிழ்த்துத் தட்டினான். எதுவும் விழவில்லை. துளையை உற்றுப் பார்த்தான். கண்ணைச் சுருக்கினான்.

"மேடம், டிடெக்டரை நாள் முழுக்க இப்படித்தானே வீசுவோம்?" கையை இடமிருந்து வலமாக வீசிக் காட்டினான். "ஒவ்வொரு வீச்சுக்கும் குழாய் முறுக்கிக்கிட்டுத் திரும்பும். துளை தேஞ்சா குறுக்கால தேயும். விளிம்பு மழுங்கிப்போயிருக்கும். இது நெடுக்கால நீண்டிருக்கு. விளிம்பும் பிளேடு மாதிரி இருக்கு. இது தேஞ்சது இல்ல."

அவள் தலையசைத்தாள். "ராத்திரி டிடெக்டரைப் பூட்டி வைக்கிற சாமான் அறை சாவி யார்கிட்ட?"

"சார்கிட்ட ஒண்ணு." கொஞ்சம் தயங்கினான். "என்கிட்ட ஒண்ணு."

காலை 10.15.

அந்த வேலையில் ஒரு பாதைக்கு இரண்டு பேர். முதலாமவர் துழாவிய இடத்தை இரண்டாமவர் தன் டிடெக்டரால் மறுபடி துழாவுவார். நெட்டையின் ஜோடிக்காரன் குட்டையான ஆள். அவனும் மெக்கானிக்கை மிதித்தவர்களில் ஒருவன். இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"வெடிச்ச இடத்தை நேத்து யார் துழாவினது?"

"முதல்ல அவரு. பின்னாடியே நான்."

"உன் ராடும் ஆடுச்சா?"

"என்னுது புதுசு மேடம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாய் திறந்தபடி நின்றது.

"உனக்கும் கேக்கலையா?"

"கேக்கல. அங்கே ஒண்ணும் இல்ல. சத்தியமா ஒண்ணும் இல்ல."

"இன்னைக்கு நீ ஏன் கூடப் போகலை?"

"சார் கூப்பிட்டாரு. லீவு மனுவுல தேதி தப்பா இருக்குன்னு சொல்லி நிக்க வெச்சுட்டாரு. அண்ணன், 'நீ வா, நான் முன்னால போறேன்'னு கிளம்பிட்டாரு."

"நெட்டைக்கு யாரோடயாவது சண்டை?"

அவன் சுற்றும் பார்த்துக்கொண்டான். "மேற்கு நிலம் இருக்குல்ல? சுத்தம் பண்ணியாச்சுன்னு சார் கையெழுத்துப் போட்டு, பதினோரு குடும்பம் குடிவந்துருச்சு. ஞாயித்துக்கிழமை அண்ணன் சும்மா அங்கே டிடெக்டரை வீசிப் பார்த்தாரு. நாலு இடத்துல கத்துச்சு. அந்த நிலத்தை யாருமே துழாவலன்னு சொன்னாரு. இன்னைக்கு மதியம் தலைமை ஆபீஸுக்குப் போறதா இருந்தாரு."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"சார்கிட்டயே நேருக்கு நேர் சொல்லிட்டாரு."

இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒரு வேலை செய்தாள். தோண்டியெடுத்த கண்ணிகளை அழிப்பதற்காகப் போட்டுவைக்கும் குழிக்குப் போனாள். பலகையில் ஏழு என்று எழுதியிருந்தது. உள்ளே ஆறு இருந்தன.

காலை 11.20.

மேற்பார்வையாளரின் அறையில் மெக்கானிக்கும் ஜோடிக்காரனும் சுவரோரம் நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரப்பட்ட அக்காள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"மெக்கானிக்கைக் கூட்டிப் போறீங்களா, மேடம்?" என்றார் மேற்பார்வையாளர்.

"உங்களைக் கூட்டிப் போறேன்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

அவள் காகித உறையை மேசை மேல் வைத்தாள்.

"அந்த இடத்தை நேத்து ரெண்டு டிடெக்டர் துழாவிச்சு. ஒண்ணு புதுசு. நேத்து அங்கே கண்ணி இல்லை. குழியிலேர்ந்து ஒண்ணை எடுத்து, இன்னைக்கு விடியக்காலையில புதைச்சது நீங்க. நெட்டைதான் முன்னால போவார்னு உங்களுக்குத் தெரியும். கூடப் போறவனையும் நிறுத்தி வெச்சீங்க."

"கதை நல்லாருக்கு. ராடு ஆடினது பொய்யா?"

"நெட்டை கையில இருந்தவரைக்கும் அது ஆடலை. அவர் செத்த பிறகுதான் ஆடுச்சு." அவள் காகித உறையிலிருந்து டேப்பை எடுத்து மேசை மேல் விரித்தாள். "தண்டு பூரா ரத்தம் தெறிச்சிருக்கு. டேப்பு மேல ஒரு சொட்டு இல்லை. ஆனா டேப்புக்கு அடியில இருக்கு, பாருங்க, பசையோட பெயர்ந்து வந்திருக்கு. ரத்தம் முதல்ல, டேப்பு அப்புறம். வெடிச்சப்ப இந்த மூட்டுல டேப்பே கிடையாது."

மேற்பார்வையாளரின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"வெடிச்சதுலேர்ந்து மெக்கானிக் எங்கே இருந்தான்? ஆம்புலன்ஸ்ல, ஆஸ்பத்திரியில, அப்புறம் பட்டறை வாசல்ல இந்த ஆளுங்க காலடியில. டிடெக்டர் உங்க பூட்டுக்குள்ள இருந்துச்சு. யாரும் தொடலன்னு நீங்களே சொன்னீங்க. வளையத்தை உருவிப் போட்டீங்க. துளையை அரத்தால ராவினீங்க. இவன் வேலை அரைகுறைன்னு காட்ட டேப்பைச் சுத்தினீங்க. வேலைக்காரன் வேலையை வெளியிலேர்ந்து பார்த்து நடிச்சா இப்படித்தான். தேய்மானம் எந்தப் பக்கம் வரும்னுகூட உங்களுக்குத் தெரியலை. ஆபீஸ் அறையில அரத்துக்கு என்ன வேலைன்னு காலையிலயே யோசிச்சேன்."

அவர் கை பேனா ஸ்டாண்டுக்குப் பாய்ந்தது. உருட்டு அரத்தின் கூர்முனை இன்ஸ்பெக்டரின் கழுத்தைக் குறிவைத்து வந்தது. அவள் கையைக் குறுக்கே கொடுத்தாள். அரம் முன்கையில் இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அவர் தலைமுடியைப் பற்றி மேசையில் மோதினாள். மூக்கு உடைந்தது. காகிதங்கள் சிவந்தன. மறுபடி நிமிர்ந்தவரை ஜோடிக்காரன் இடுப்போடு கட்டித் தரையில் சாய்த்தான். கழுத்தை நெரிக்கத் தொடங்கியவனின் விரல்களை மெக்கானிக்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"விடு. உயிரோட வேணும்," என்றான். "மேற்கு நிலத்துல எங்கெங்கே துழாவலன்னு இவர்தான் காட்டணும்."

மூக்கிலிருந்து ரத்தம் குமிழியிட, மேற்பார்வையாளர் சிரிக்கப் பார்த்தார். "எங்கேயுமே துழாவல," என்றார்.

மதியம் 12.30க்குள் பதினோரு குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. கையில் தையல் போட்டுக்கொண்ட இன்ஸ்பெக்டர் ஜீப்பில் உட்கார்ந்து அவர்களை எண்ணினாள். மாலை ஆறு மணிக்குள் ஐந்து கண்ணிகள் கிடைத்தன. ஒன்று, துணி துவைக்கும் கல்லிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி.

ஒவ்வொரு டிடெக்டரையும் கையால் முறுக்கிப் பார்த்து, ஆட்டமில்லை என்று உறுதிசெய்து, அனுப்பிக்கொண்டிருந்தான் மெக்கானிக். கடைசி டிடெக்டர் போன பிறகு நிமிர்ந்தான். பட்டறை வாசலில் அக்காள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"பிணம் வந்துருச்சு," என்றாள். "அவர் உயரத்துக்குப் பெட்டி கிடைக்கலையாம். நீ வந்து அளவெடுத்துச் செஞ்சு குடுடா."

அவன் சுவரிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.