சுறாவின் காப்பாளர்

ஆகஸ்டு ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, அந்த வீட்டுக் கூடத்தின் நடுவிலிருந்த கண்ணாடித் தொட்டியும் அதனுள் நீந்திய சுறாவும் வழக்கின் சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்பட்டன. கடலில் பிடிக்கத் தடை செய்யப்பட்ட இனம் அது. குட்டியாக வாங்கி வளர்த்தவனைக் காவலர்கள் அழைத்துச் சென்றார்கள். சுறாவைக் கொண்டுபோய் வைக்க அவர்களிடம் இடமில்லை. ஆகவே அதே வீட்டில் குடியிருந்து தையல் வேலை செய்யும் அவனுடைய தமக்கை காப்பாளராகக் கையெழுத்திட்டாள். வழக்கு முடியும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும். செத்தால், சான்றை அழித்த குற்றம் அவளைச் சேரும்.

"கொஞ்ச நாள்தாம்மா," என்றார் மீன்வளத்துறை அதிகாரி.

"என் பொண்ணுக்கு இது பிரசவ மாசம். நான் போயே ஆகணும் சார்."

"தாராளமா போங்க. அதுக்குள்ள எடுத்துக்குவோம்."

அன்று பிற்பகல் அவள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தபோது கூடத்தின் ஓசையில் ஏதோ ஒன்று குறைந்தது. நீரேற்றியின் முனகல் இருந்தது, குழாயிலிருந்து உப்புநீர் சொட்டும் சத்தம் இருந்தது, வெளிச்சம் கண்டு சுறா மிரளாதிருக்கச் சன்னல்களில் தொங்கவிட்ட கறுப்புத் துணியின் மக்கிய வாடைகூட அப்படியே இருந்தது. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த, துடுப்பு கண்ணாடியை உரசிச் செல்லும் அந்த மெல்லிய சரசரப்பு மட்டும் நின்றிருந்தது. சுறா தொட்டியின் அடியில் கிடந்தது. நீந்தாவிட்டால் இதற்கு மூச்சில்லை என்று தம்பி சொல்லியிருந்தான். அவள் பதறி எழுந்து தொட்டியை நோக்கி நடந்தாள். சுறாவும் எழுந்து நடந்தாற்போல் நகர்ந்தது. அவள் அமர்ந்தாள், அது அமிழ்ந்தது. மறுபடி சோதிக்க அவளுக்குத் துணிவில்லை.

தொட்டியைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். பின்புறம் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓராள் ஒருக்களித்துப் போகும் இடமே இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அவள் தோள் சுவரில் உரசியது. உள்ளே, அதே மூலையில், சுறாவின் மூக்கு கண்ணாடியில் உரசியது. மூக்கின் தோல் தேய்ந்து வெளுத்திருந்தது. தன் இரவிக்கையின் தோள்பட்டை நைந்து, கீழே சதை கன்றிப்போயிருந்ததை அவள் பிறகுதான் கண்டாள். கால் சோர்ந்து கண்ணயர்ந்த போதெல்லாம் மூச்சுத் திணறி விழித்தாள். விழித்ததும் நடந்தாள். நடந்தபடியே உண்டாள்.

அதிகாரி வந்து பார்த்தார். "அருமையா வச்சிருக்கீங்களே."

"நான் நின்னா இதுவும் நின்னுடுது சார்."

"தனியா இருந்தா அப்படித்தான் தோணும்."

"நீங்க ஒரு சுத்து சுத்திப் பாருங்களேன்."

சிரித்துக்கொண்டே சுற்றினார். சுறா கிடந்த இடத்திலேயே கிடந்தது. செவுள்கள் விரிந்து விரிந்து மூடின. அவள் நடந்த பிறகே அது எழுந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதவருகே போய் நின்றார்.

"கடல்ல விட்டுடுங்க சார். புண்ணியமா போகும்."

"தொட்டியில வளர்ந்தது, நோயைக் கொண்டுபோயிடும்மா. கொல்லவும் சட்டத்துல இடமில்ல. காட்சிசாலையில கேட்டோம், இவ்வளவு பெருசு வேண்டாம்னுட்டாங்க."

பிணையில் வந்த தம்பி தலைகுனிந்து நின்றான்.

"வாங்கும்போது கையளவுதான்க்கா. தொட்டிக்குத் தக்கதான் வளரும்னு வித்தவன் சத்தியம் பண்ணான்."

"புலிவாலைப் பிடிச்சவன் கதை கேட்டிருக்கேன். நீ சுறாவாலை என் கையில குடுத்துட்டு ஹாயா போயிட்ட."

"வண்டி வெளியில நிக்குது. நீ பொண்ணுகிட்டப் போ. நான் நடக்கிறேன்."

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். பின்னால் அவனுடைய செருப்புச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. சரசரப்பு இல்லை. நிலைப்படியில் கால் வைத்தாள். காற்று முகத்தில் பட்டது. மூக்கினுள் போகவில்லை. வாயைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். நெஞ்சு எழவில்லை.

"அக்கா, உள்ள வா. சீக்கிரம் உள்ள வா."

நடந்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூச்சு வந்தது. சரசரப்பும் வந்தது. தம்பி அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

மகள்தான் வந்தாள், கைக்குழந்தையோடு. கறுப்புத் துணி ஓரிடத்தில் விலகியிருந்தது. அந்த இடுக்கில், வெளியே, சன்னல் கண்ணாடியோடு ஒட்டி அவள் முகம் தெரிந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம் நில்லும்மா. குழந்தையைப் பாரு."

தாய் பார்த்தாள். நிற்கவில்லை. மூலை வந்தது. தோள் உரசியது. திரும்பினாள். மீண்டும் சன்னல். மகளின் கண்கள் தொட்டிக்கும் தாய்க்குமாக மாறி மாறி அலைந்து, பிறகு அலைவதை விட்டன. இருவரும் ஒரே வேகம். ஒரே மூலை. ஒரே திருப்பம். அவள் கதவைத் தட்டவில்லை. குழந்தையை உயர்த்திப் பிடித்தாள். குழந்தை கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தது. தட்டியது. சிரித்தது. மீண்டும் தட்டியது.

உள்ளே, சன்னலருகே, தாய் மிரண்டு விலகினாள்.

இறுதியாக நீதிமன்றம் தீர்மானித்தது இது: சுறாவைப் பிடித்தது, விற்றது, வாங்கியது ஆகிய மூன்றும் குற்றம், வாங்கியவனுக்கு அபராதம். சுறாவைக் கடலில் விடலாகாது, கொல்லலாகாது, இடம் மாற்றலாகாது. பிறர் காவலில் அது நீந்துவதில்லை என்று அதிகாரி சான்றளித்திருப்பதால், அதன் இயற்கையான ஆயுள் முடியும்வரை, காப்பாளரும் அதே கூடத்தில் வைத்துப் பராமரிக்கப்பட வேண்டும்.