முனகிய ஹீட்டரும் மூடிமேல் பட்டாணியும்

நீச்சல் குளத்து ஹீட்டர் அன்று காலை முதலில் லேசாக முனகியது. பிறகு யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவதுபோல ‘டொக், டொக்’ என்றது. கடைசியில் ‘ஊஊஊ’ என்று ஒரே ஓலம்.

குளத்திலிருந்த வாண்டுகள் எல்லாம் அடித்துப் பிடித்துக் கரையேறிவிட்டார்கள்.

“உள்ள பூனை இருக்கு” என்றது ஒரு வாண்டு.

“பூனை இல்ல, பூதம்” என்றது இன்னொன்று.

சுண்டுவுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. அவளுக்குப் பத்து வயது. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தைப் பார்த்துக்கொள்வது அவளுடைய அப்பா. அதில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது அம்மா. அதனால் குளத்துக்கு ஏதாவது ஆனால் அது வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்த மாதிரிதான்.

அப்பா ஓடிப்போய் ஹீட்டரை நிறுத்தினார். எரிவாயுக் குழாயையும் மூடினார். ஓலம் மெல்ல மெல்ல அடங்கியது. பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மூன்றாம் மாடி மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். “பழைய ஹீட்டர். ஆயுசு முடிஞ்சுபோச்சு. பேசாம குளிர் போற வரைக்கும் குளத்தை மூடிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. மறுநாள்தான் வாண்டுகள் பெற்றோர் முன்னால் முதல்முறையாகத் தனியாக நீந்திக் காட்டுவதாக இருந்தது. இந்தக் குளிரில் சூடில்லாத தண்ணீரில் எந்தப் பிள்ளை இறங்கும்?

அப்பா மெக்கானிக் அக்காவுக்குப் போன் செய்தார். அவர் வெளியூரில் இருந்தார். திங்கட்கிழமைதான் வர முடியுமாம்.

“சத்தம் எப்படி சார் இருந்துச்சு?” என்று கேட்டார் மெக்கானிக் அக்கா.

“அது வந்து... ஒரு மாதிரியா இருந்துச்சும்மா.”

“எந்த மாதிரி?”

அப்பா தலையைச் சொறிந்தார். சுண்டு போனை வாங்கிக்கொண்டாள். “இருங்கக்கா, செஞ்சு காட்டுறேன்” என்று முதலில் முனகினாள். பிறகு நாக்கால் ‘டொக், டொக்’ தட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுதாக ஓர் ஓலம் விட்டாள். வாண்டுகள் மறுபடியும் சிதறி ஓடினார்கள்.

போனில் மெக்கானிக் அக்கா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“நல்லாப் புரிஞ்சுது. பத்த வைக்கும்போது ‘டமார்’னு வெடிச்சா அதைத் தொடவே கூடாது. இது வேற. கொதிக்கிற கெட்டில் போடுற சத்தம். தண்ணி நிக்காம ஓடினா ஹீட்டர் சத்தம் போடாது. மெதுவாப் போனா உள்ளேயே கொதிச்சுடும். தண்ணி எங்கயோ அடைபடுது. அதை மட்டும் பாருங்க. ஹீட்டரைத் திறக்க வேண்டாம்.”

சுண்டு குளத்தோரம் மண்டியிட்டாள். சூடான தண்ணீர் குளத்துக்குள் திரும்பி வரும் துளை அங்கே சுவரில் இருந்தது. கையை நீட்டினால் எப்போதும் விசையோடு தள்ளிவிடும். இன்று கூச்சம் காட்டுவதுபோல விரலை வருடிவிட்டுப் போனது.

“அப்பா, தண்ணிக்கு வேகமே இல்ல.”

“அப்போ வடிகட்டியாத்தான் இருக்கும்” என்று அப்பா பின்பக்க அறைக்குள் போனார்.

சுண்டு குளத்தைச் சுற்றி நடந்தாள். எதிர்க்கரையில் பட்டாணி தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டுப் பையன், ஐந்து வயது. வாண்டுகளிலேயே குட்டி. ஓர் இடத்தில் நிற்காதவன். ஓலம் கேட்டு எல்லோரும் ஓடினார்களே, இவன் மட்டும் கரையிலிருந்த வட்ட மூடியின்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அந்த மூடிக்கு அடியில்தான் குப்பை பிடிக்கும் கூடை இருந்தது. குளத்துத் தண்ணீர் அது வழியாகத்தான் பம்புக்குப் போகும்.

அப்பாவைக் கூப்பிட வாயெடுத்தாள். பட்டாணியின் உதடு பிதுங்கி நடுங்குவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள்.

“மூடி குளிரலையாடா?”

“குளிருது.”

“அப்புறம் ஏன் உக்காந்திருக்கே?”

பட்டாணி குளத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், கடைசியில் சுண்டுவைப் பார்த்தான். “சுண்டுக்கா, ஹீட்டர் செத்துப்போச்சா?”

“இல்ல. சும்மா நிறுத்தி வச்சிருக்காங்க.”

“நான் என் தொப்பிய இதுக்குள்ள போட்டுட்டேன்.” சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “அது முடிய இழுக்குது. காது வலிக்குது. தொலைஞ்சுட்டா போட வேணாமேன்னுதான் போட்டேன். அப்புறம் அது கத்துச்சு.”

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டாள். நீச்சல் தொப்பி ரப்பர் அல்லவா? கூடையின் அடியில் போய் அப்பியிருக்கும். தண்ணீருக்கு வழியேது?

“எடுத்துட்டா சரியாயிடும். வா, அப்பாகிட்ட சொல்லலாம்.”

“திட்டுவாங்களா?”

“கொஞ்சம் முறைப்பாங்க. நான் கையைப் பிடிச்சுக்கறேன்.”

பட்டாணியே சொன்னான். பாதி விக்கல், பாதி வார்த்தை. அப்பா நிஜமாகவே முறைத்தார். ஆனால் மீசை ஓரம் துடித்ததைச் சுண்டு பார்த்துவிட்டாள்.

“மூடியை நீயே திறந்தியா?”

“ம்ம்.”

“இனிமே கையை வைக்கக் கூடாது. விரல் மாட்டிக்கும். சரியா?”

பட்டாணி கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் தலையாட்டினான்.

அப்பா பம்பை நிறுத்திக் கூடையைத் தூக்கினார். அடியில் தோசைபோல ஒட்டிக்கிடந்தது மஞ்சள் தொப்பி. உரித்தெடுத்து, பம்பை ஓட விட்டார். சுவர்த் துளையில் சுண்டு கையை வைத்தாள். தண்ணீர் ஒரே தள்ளாகத் தள்ளியது.

பிறகு அப்பா எரிவாயுவைத் திறந்து ஹீட்டரை இயக்கினார். ‘புஸ்’ என்று தீ பற்றியது. அதன்பின் சீரான ஒரு ரீங்காரம்தான். சுண்டு மெக்கானிக் அக்காவை மறுபடி கூப்பிட்டு, பின்பக்க அறை வாசலில் நின்றபடியே போனை ஹீட்டர் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

“இப்ப நல்லாத் தூங்குது” என்றார் மெக்கானிக் அக்கா. “எதுக்கும் திங்கட்கிழமை வந்து ஒரு பார்வை பாத்துடறேன். நடுவுல மறுபடி கத்தினா உடனே நிறுத்திடுங்க.”

அம்மா பட்டாணியைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். “இறுக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ராசா.”

“டீச்சர், எல்லாரும் போட்டிருந்தாங்க.”

அம்மா அலமாரியைக் குடைந்து மெத்தென்ற துணித் தொப்பி ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். பட்டாணி காதைத் தொட்டுப் பார்த்தான். வலிக்கவில்லை.

மறுநாள் தண்ணீரிலிருந்து மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி மாமாகூடக் கம்பளியோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். வாண்டுகள் ஒவ்வொருவராகக் கரையிலிருந்து கரைக்கு நீந்தினார்கள். கடைசியாகப் பட்டாணி. நாய்க்குட்டிபோலக் காலை உதைத்து, நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்து, இருமி, எதிர்ச்சுவரை எட்டிப் பிடித்தான். சுண்டு உள்ளங்கை சிவக்கக் கை தட்டினாள்.

பட்டாணி மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னொரு தடவை போகட்டுமா?”

யாரும் பதில் சொல்வதற்குள் அவன் பாதிக் குளத்தைத் தாண்டியிருந்தான்.