காணாமல் போன டெலிபோன் காட்சி

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. பர்பேங்க் ஸ்டூடியோவின் எடிட்டிங் அறையில் எடிட்டர் வெண்டல் லார்கின் கடைசி ரீலின் டப்பாவைத் திறந்தார். ரீலை மேசையில் மாட்டி நுனியை இழுத்தார். முதலில் வந்தது ‘முடிவு’ என்ற எழுத்து. முகத்தைச் சுளித்துக்கொண்டு ரீலைத் திருப்பிச் சுற்றினார். பாதியில் ஃபிலிம் இரண்டாகப் பிய்ந்து கையோடு வந்தது. யாரோ வெட்டி ஒட்டியிருந்தார்கள், ஒட்டு விட்டுப்போயிருந்தது. அங்கே இருக்க வேண்டிய டெலிபோன் காட்சியைக் காணோம்.

பெண் நிருபர் டெல்லா துப்புத் துலக்கும் வரிசையில் அது ஏழாவது படம். அன்று மாலை பசடீனாவில் முன்னோட்டக் காட்சி. கொலைகாரன் யார் என்று டெல்லாவுக்குத் தெரியவருவதே அந்த டெலிபோனில்தான்.

“போட்டிக் கம்பெனிக்காரன் என்ன தர்றேன்னான்?” என்று கத்தினார் டைரக்டர் மில்டன் குரோ. “வாயைத் திறய்யா லார்கின்!”

வெண்டலின் காது மடல் சிவந்தது.

வாசலில் முதலாளி தேடியஸ் ஹாஸ்க் நின்றார். அறுபது வயதிலும் கம்பிபோல நிமிர்ந்த முதுகு. வழக்கம்போல, பேசுமுன் மோவாயை உயர்த்தி, கழுத்துப் பொத்தானைத் தொட்டுக்கொண்டார்.

“ஃபிலிம் கிடங்குக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு லார்கின்கிட்ட. இந்த வரிசையில முந்தின ஆறு படத்தையும் என் வீட்டு மெஷின்லயே போட்டுப் பார்த்தேன். இதைத்தான் இன்னும் பார்க்கலை. இப்ப பாருங்க, இப்படி ஆயிடுச்சு.”

“என் அண்ணன் திருட மாட்டான் சார்.”

டெல்லாவாக நடிக்கும் இமோஜென் லார்கின்தான் பேசினாள்; ரீலைத் திறந்ததிலிருந்தே அவள் அங்கேதான் இருந்தாள். தலையில் இன்னும் நிருபர் தொப்பி.

குரோ சிரித்தார். “வந்துட்டாங்கய்யா நம்ம நிருபரம்மா! வசனம் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கும்போது கொலைகாரனைப் பிடிக்கிறது சுலபம் தாயி. இது நிஜம்.”

“அந்த வசனத்துல பாதி நான் மாத்தினது. உங்களுக்கே தெரியும்.” அவள் ஹாஸ்க்கிடம் திரும்பினாள். “மத்தியானம் வரைக்கும் டைம் கொடுங்க சார்.”

“மத்தியானத்துக்கு மேல உன் அண்ணன் இந்த கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால், இந்த ஊரில் வேறு எந்த ஸ்டூடியோவும் வெண்டலைச் சேர்க்காது. லார்கின் என்ற பெயரையே ஏளனமாகச் சிரித்துச் சொல்வார்கள். இமோஜென் நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள்.

“ரீலை எடுத்ததும் ஏன் முகத்தைச் சுளிச்சே?”

“வால் வெளியில இருந்துது. அதான்.”

“அப்படீன்னா?”

“படம் ஓடி முடிஞ்சா கடைசித் துண்டு வெளிப்பக்கம் வந்துடும். திருப்பிச் சுத்தித்தான் டப்பாவுல வைக்கணும். இங்க வேலைக்குச் சேர்ந்தா முதல் பாடமே அதுதான். நான் திருப்பிச் சுத்தித்தான் வச்சேன், இமோ.”

“ஒட்டு ஏன் விட்டுச்சு?”

அவர் பிய்ந்த ஓரத்தை விளக்கில் காட்டினார். “மேல இருக்கிற மருந்துப் பூச்சைச் சுரண்டாம பசை தடவியிருக்கான். எப்படிப் பிடிக்கும்? நம்ம தியேட்டர்ல படம் ஓட்டுறவன்கூட இப்படி ஒட்ட மாட்டான்.”

இமோஜென் எழுந்து ஜன்னலோரம் போனாள். அந்தக் காட்சியில் அவளோடு நடித்தது ஒரே ஒருத்தி. டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் பெண். நெட்டி கேன் என்று பெயர் சொன்னாள். இரண்டே வரி வசனம். ஒவ்வொரு டேக்கிலும் மோவாயை உயர்த்தி, கழுத்துப் பொத்தானைத் தொட்ட பிறகே பேசினாள். “சட்டை பத்தலையாம்மா?” என்று குரோ கேலி செய்தார். கேமரா ஓடாதபோதெல்லாம் அந்தப் பெண் எதிர்க் கட்டடத்து மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இமோஜென் அந்த ஜன்னலைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றி அண்ணன் மேசைமேல் வைத்துவிட்டு, எதிர்க் கட்டடத்து மாடியில் இருந்த ஹாஸ்க்கின் அறைக்குப் போனாள்.

“கண்டுபிடிச்சிட்டியா?” என்றார் ஹாஸ்க்.

“கண்டுபிடிச்சிட்டேன் சார். ரீலை யாரோ ஓட்டிப் பார்த்திருக்காங்க. திருப்பிச் சுத்தத் தெரியலை. வெட்டியிருக்காங்க, ஒட்டத் தெரியலை. தொழில் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. ஆனா கிடங்குச் சாவி இருக்கு. வீட்டுல மெஷின் இருக்கு.”

“வார்த்தையை அளந்து பேசு.”

“நெட்டி உங்க பொண்ணுதானே சார்?”

அவர் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது. பாதியில் நின்றது.

“ஹாஸ்க் குடும்பத்துப் பொண்ணு கூலிக்கு மூஞ்சியில சாயம் பூசக் கூடாதுன்னேன். வீட்டை விட்டுப் போயிட்டா” என்றார் மெதுவாக. “அவ போட்டோவையெல்லாம் நானே அடுப்புல போட்டேன். அவ இந்தப் படத்துல இருக்கான்னு எவனோ காதுல போட்டான். ஊர் பார்க்கறதுக்குள்ள இதையும் எரிச்சிடலாம்னுதான் எடுத்துட்டுப் போனேன். எரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டினேன். பேசறா, இமோஜென். சாப்பாட்டு மேசையில பேசற அதே குரல்.”

கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கைக்குட்டை வெளியே வந்தது. அதற்குள் சுருட்டிய ஃபிலிம்.

இமோஜெனுக்குக் கோபம் பாதி கரைந்தது. மீதிப் பாதியோடு பேசினாள்.

“உங்க வீட்டு மானத்தைக் காப்பாத்த எங்க வீட்டு மானத்தை எரிக்கலாமா சார்? கீழ வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.” கதவருகே நின்றாள். “இன்னொண்ணு. அவ மூணு நாள் நடிச்சா. மூணு நாளும் இந்த ஜன்னலைத்தான் பார்த்துட்டிருந்தா.”

ஹாஸ்க் ஜன்னலைப் பார்த்தார். திரை இழுத்து மூடியிருந்தது.

கீழே, குரோவும் மற்றவர்களும் சுற்றி நிற்க, அவர் சுருக்கமாகச் சொன்னார். “வெட்டினது நான். லார்கின் மேல தப்பில்லை. அந்தப் பொண்ணு நெட்டி ஹாஸ்க். என் மக.” முதுகு அப்போதும் வளையவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்தது. குரோ, போகிறபோக்கில், வெண்டலின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வெண்டல் விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். பசைப் புட்டியைத் திறந்தார்.

“ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நான் வச்சுக்கலாமா?” என்றார் ஹாஸ்க்.

வெண்டல் தங்கையைப் பார்த்தார். பிறகு ஃபிலிமை நீட்டினார். “ஓரத்தைப் பிடிங்க சார். நடுவுல விரல் பட்டா முகம் அழிஞ்சிடும்.”

கிழவர் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து விளக்குக்கு நேரே உயர்த்தினார். நகத்தளவு கட்டங்களில், ஒன்றன்கீழ் ஒன்றாக, வாய் திறந்தும் மூடியும் அவர் மகள். சத்தமில்லை. அவர் குனிந்து காதை அருகே கொண்டுபோனார்.