புனிதாவின் தள்ளாட்டம்

காலை ஆறரைக்குப் புனிதாவின் கையிலிருந்து கோப்பிக் கிளாஸ் நழுவி உடைந்தது. அந்த வாரத்தில் மூன்றாவது.

"காலங்காத்தாலேயே ஆரம்பிச்சிட்டியா!" என்று மாமியார் வள்ளியம்மா பாய்ந்தாள். "ராத்திரி ஊத்துனது இன்னும் எறங்கலையாக்கும்!"

"நான் குடிக்கல அத்தை... கை மரத்துப் போவுது..."

"காலுமா மரத்துப் போச்சு? தெருவே சிரிக்குது லா!"

தெரு சிரிக்கத்தான் செய்தது. பண்டமாரான் பகுதி வரிசை வீடுகளில் எல்லாவற்றுக்கும் கேட் உண்டு, பேச்சுக்கு மட்டும் இல்லை. எட்டு மாதமாகப் புனிதா தள்ளாடி நடந்தாள். செருப்பு கழன்றது தெரியாமல் பாசார் சந்தைவரை போய் வந்தாள். அங்கே கீரை வாங்க வந்தவர்களே சம்சு சாராயம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கிட்டே வந்து மோந்து பார்த்தவர் ஒருவருமில்லை.

லோரி ஓட்டும் கணவன் ராதாகிருஷ்ணன் தெருவை நம்பினான். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவளை நம்பவில்லை. கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினால், "அங்க வேற என் மானம் போகணுமா?" என்பான். குடிகாரி கை படக்கூடாதென்று சாமி மேடை விளக்கையும் வள்ளியம்மா பிடுங்கிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் புனிதா ஏற்றிய விளக்கு. அதுதான் அவளுக்குத் தைத்தது.

கண்ணாடித் துண்டு பொறுக்கக் குனிந்தவள் எழவில்லை. கால் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை.

தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் டாக்டர் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். விரல்கள் தேடித் தேடித் தோற்றன. ஸ்கேன் எடுத்தார்கள்.

"கழுத்தெலும்பு தேஞ்சு, நடுவுல உள்ள தட்டு பிதுங்கித் தண்டுவடத்த நசுக்குது. உடனே ஆப்பரேஷன் செஞ்சா இன்னும் மோசமாகாம தடுக்கலாம். போனது முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது. ஏன் அங்கிள் இவ்வளவு லேட்?"

ராதாகிருஷ்ணன் மென்று விழுங்கினான். "குடியினால... இல்லையா?"

"குடியா? யார் சொன்னா?"



ஆறு வாரம் கழித்து, கழுத்துப் பட்டையோடும் நடைச்சட்டத்தோடும் புனிதா வீட்டுக்கு வந்தாள். நலம் விசாரிக்க மைலோ டின்னோடு தெருவும் வந்தது. "நரம்புக் கோளாறுன்னு நாங்க அப்பவே சொன்னோமே!"

வள்ளியம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "பாவி நான்... மன்னிச்சிடும்மா! இனிமே சாமி விளக்க நீயே ஏத்து!" என்று தீப்பெட்டியைக் கையில் திணித்தாள்.

முதல் குச்சி விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை எடுத்துக்கொடுக்கக் கணவன் குனிந்தான்.

"வேணாங்க." புனிதா தீப்பெட்டியை மாமியாரிடமே நீட்டினாள். "நீங்களே ஏத்துங்க அத்தை. எட்டு மாசத்துக்கு முன்ன நான் சொன்னதக் கேட்டிருந்தா, இந்தக் கை ஏத்தியிருக்கும்."

நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, தள்ளாடாமல் தன் அறைக்குப் போனாள்.